தோசையில் ஏழு கடல்

ஞாயிறு காலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து நாலு பேர் மேசையை ஒருவரே பிடித்திருந்தால், அவர்தான் கப்பல் அண்ணன். பணி ஓய்வு பெற்று எட்டு ஆண்டாகிறது. எட்டு ஆண்டாக உல்லாசக் கப்பலில் ஏறப் போகிறார். எந்தக் கடலுக்கு என்பதில்தான் இழுபறி.

“அண்ணே, முடிவாச்சா?” என்று கேட்டால் போதும், அவர் தட்டு உலக வரைபடமாகிவிடும்.

“இந்த இட்லி அலாஸ்கா. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் சீசன். பனிப்பாறை கண்ணெதிரே உடைஞ்சு விழும்.” ஒரு விள்ளல் உடைந்து சாம்பாரில் விழும். “ஆனா கம்பளிக் கோட்டு வாங்கணும். முஸ்தபா கடையில விலை பார்த்தேன். ஏழு நாள் போட்டுட்டு, அப்புறம் அதை இந்த ஊர் வெயில்ல எங்க மாட்டறது?” அலாஸ்கா வாய்க்குள் போய்விடும்.

“வடை, கரீபியன். ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் காலம். நடுவுல ஓட்டை தெரியுதா? அதான் புயலோட கண்ணு.” அந்தக் கண்ணையும் விழுங்குவார்.

தோசையின் பிய்ந்த ஓரம் நார்வே. கடல் மலைக்குள் புகுந்து புகுந்து போகுமாம். “ஆனா கோடையில வடக்கே சூரியன் மறையவே மறையாது. ராத்திரி மாத்திரையை எப்ப போடறது?”

நடுத் தோசை மத்தியதரைக் கடல். அநேகமாக முடிவாகியிருந்த இடம். 2021இல் இத்தாலி, பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவே போகக்கூடாது என்று தடை போட்டது. தன்னைக் குறிவைத்த சட்டம் என்றே அண்ணன் நினைக்கிறார்.

தேங்காய்ச் சட்னி அண்டார்க்டிகா. “ஒரு நேரத்துல 100 பேர்தான் கரையில இறங்கலாம். அவ்வளவு தூரம் போயும் க்யூவா?” வழித்து நக்கிவிட்டார்.

கொவிட் காலத்தில், 2020 நவம்பரில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல்கள் கிளம்பின. “போற இடமே இல்லைன்னா எதைத் தேர்ந்தெடுக்கிறது?” என்று கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இத்தனைக்கும் அண்ணனின் அப்பா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் நின்றது, ஏறினார். மேல்தளத்தில் பாய் விரித்து, வாந்தி எடுத்து, பினாங்கு தாண்டி இங்கே வந்து இறங்கினார். பால்கனி அறையா, ஜன்னல் அறையா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

ஈரச்சந்தையிலிருந்து மீன் பையோடு அண்ணி வந்தார். தட்டை எட்டிப் பார்த்தார். உலகம் தீர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு கீற்றுக் காரச் சட்னி மட்டும் மிச்சம்.

“இது என்ன?”

“மலாக்கா நீரிணை.”

“நல்லதாப் போச்சு. பினாங்குக்கு மூணு ராத்திரி. பணம் கட்டிட்டேன். அடுத்த மாசம் மரினா பேயில ஏறணும்.”

அண்ணன் நீண்ட நேரம் பேசவில்லை. இஞ்சி போட்ட தே ஹாலியா ஆறிக்கொண்டிருந்தது. அப்பா வந்த வழியை நினைத்துக் கண் கலங்குகிறார் போலும் என்று நான் ஆறுதலுக்கு வாயெடுத்தேன்.

அவர் கடைக்காரரைப் பார்த்துக் கை தூக்கினார்.

“தம்பி, இன்னொரு தோசை. பெரிசா, நீளமா. எந்த மாடியில அறை எடுக்கிறதுன்னு பார்க்கணும்.”