ஸ்கிரிப்டு மாமா

“எல்லாம் ஸ்கிரிப்டு, மாப்ளே.”

இதை அவர் சொல்லும்போது டி.வி.யில் பற்பசை விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிக் பாஸ் நிகழ்ச்சி ஒன்பதரைக்கு. ஒன்பது இருபதுக்கே வந்து, சோபாவின் நட்டநடுவில் அமர்ந்து, ரிமோட்டைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, என் மனைவி நீட்டிய முறுக்குத் தட்டை மடியில் ஏந்தியிருப்பார். பொய் என்று தீர்மானமாகத் தெரிந்த ஒன்றைப் பார்க்க இவ்வளவு முன்னேற்பாடு!

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. என் மனைவியின் பெரியப்பா பத்திரிகை படிக்க மாட்டார். அதெல்லாம் காசு வாங்கிக்கொண்டு எழுதுவது என்பது அவர் கட்சி.

மாமாவின் அகராதி ரொம்பச் சின்னது. பிக் பாஸ் வீட்டுக்குள் சண்டை வந்தால் ஸ்கிரிப்டு. சமாதானமானால் அதுவும் ஸ்கிரிப்டு. அழுதால் கிளிசரின். அழாவிட்டால், “பாத்தியா, கிளிசரின் தீந்துபோச்சு.” அந்த வீட்டில் பகலில் யாராவது கண்ணயர்ந்தால் நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டு எழுப்புவார்கள். அந்த நாயும் ஸ்கிரிப்டு என்றார் ஒருநாள். அதை மட்டும் நான் மறுக்கவில்லை.

முதல் சீசன் 2017 ஜூன் 25ஆம் தேதி தொடங்கியது. பத்து நாளில் ஊரில் பாதிப்பேர் ‘ஓவியா ஆர்மி’யில் சேர்ந்துவிட்டார்கள். மாமா மட்டும் முறுக்கை ஒடித்தபடி சொன்னார்: “அந்தப் பொண்ணுக்குத்தான் கப்பு. முத நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிட்டானுங்க.” ஆகஸ்டில் ஓவியா நடுவிலேயே தானாகக் கிளம்பிப் போய்விட்டார். கடைசியில் ஜெயித்தது ஆரவ். அன்றைக்கு இரவு மாமா முகத்தைப் பார்ப்பதற்கென்றே நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“என்ன மாமா, கப்பு கை மாறிடுச்சே?”

“ஸ்கிரிப்ட மாத்திட்டானுங்க.”

இந்த வாதத்தை எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது. சொன்னது நடந்தால் எழுதி வைத்தது, நடக்காவிட்டால் திருத்தி எழுதியது. ஜோசியர்கள்கூட தசை, புத்தி, பரிகாரம் என்று கொஞ்சம் உழைக்கிறார்கள். 1999இல் நெதர்லாந்தில் முதன்முதலாக, இதற்கெல்லாம் மூலமான ‘பிக் பிரதர்’ வீட்டைக் கட்டிக் கேமரா மாட்டியபோதே, ஒரு டச்சு மாமா சோபாவின் நடுவில் உட்கார்ந்து இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் மாமாவுக்கு உள்விவரம் வேறு உண்டு. பிக் பாஸ் செட் இருப்பது செம்பரம்பாக்கத்து ஃபிலிம் சிட்டியில். நாங்கள் இருப்பது குன்றத்தூர். பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்த ஃபிலிம் சிட்டி கேட்டை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார், ஜன்னலோர சீட்டிலிருந்து. “உள்ள நமக்கு ஆள் இருக்கு, மாப்ளே” என்பார். மெல்ல விசாரித்ததில், அந்த ஆள் தண்ணீர் கேன் போடுகிறவரின் மச்சான் என்று தெரிந்தது. கேன் போடுவதும் செட்டுக்கு இல்லை, ரோட்டோர டீக்கடைக்கு.

2020இல் கொரோனாவால் சீசன் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. நவம்பரில் நிவர் புயல் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் வந்த முதல் இரவே மாமா வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். காலைத் துடைக்க என் மனைவி துண்டு கொடுத்தாள். திரையில் பிக் பாஸ் வீட்டுத் தோட்டத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரெயின் மெஷினு.” வெளியே எங்கள் ஜன்னல் தகரத்தில் தடதடவென்று பெய்துகொண்டிருந்தது எந்த மெஷின் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமா பாதி சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாளின் 24 மணி நேரத்தை எடுத்து ஒன்றரை மணி நேரமாக நறுக்கித் தருகிறார்கள். யாரை வில்லன் ஆக்குவது, யாரைப் பாவப்பட்டவர் ஆக்குவது என்பதெல்லாம் அந்தக் கத்திரியில்தான் இருக்கிறது. பாட்டுப் போட்டியான சூப்பர் சிங்கரிலும் அப்படித்தான்; ஒரு பையன் பல்லவியை முடிப்பதற்குள் நடுவர் கண் கலங்குவதைக் காட்டுவார்கள். அந்தக் கண்ணீர் இந்தப் பாட்டுக்கு வந்ததா, மத்தியானம் வேறு யாரோ பாடியதற்கு வந்ததா என்பது எடிட்டருக்கே வெளிச்சம். ஆனால் வெட்டுவது வேறு, எழுதுவது வேறு. நறுக்கிவிட்டதாலேயே கத்தரிக்காய் பிளாஸ்டிக் ஆகிவிடாது.

எழுதியிருந்தால் இவ்வளவு போரடிக்குமா? பிக் பாஸ் வீட்டில் காப்பித்தூளை யார் காலி செய்தது என்று ஒரு முழு எபிசோடுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இதை ஒரு வசனகர்த்தா எழுதிக்கொண்டு போனால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். நான் உட்கார்வதே இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைப் பார்க்கத்தான். பாத்திரம் கழுவுகிற டீமில் இருப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்கிறார். அடிப்பிடித்த பால் பாத்திரம் வரும்போது மட்டும் அதை ஒரு விரலால் நைசாகப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளுகிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அந்த ஒரு விரலைச் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க எந்த டைரக்டராலும் ஆகாது. எங்கள் வீட்டிலும் அந்த விரல் இருக்கிறது. யாருடையது என்று எழுதினால் எனக்கு நாளைக்குக் காப்பி கிடையாது.

சினிமாப் பாட்டுக்கென்றே போட்ட மேடையில், கிராமத்து மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பழகிய செந்தில் கணேஷ் 2018இல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கினார். இதை ஒருவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், ‘நம்புற மாதிரி எழுதிட்டு வாப்பா’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். “அங்கதான் இருக்கு சூட்சுமம்” என்றார். சூட்சுமம் எது என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஒரே ஒருமுறை அவர் வாய் அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். 2019 பிக் பாஸ் சீசன், ஃப்ரீஸ் டாஸ்க். போட்டியாளர்கள் சிலைபோல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு மனிதர்கள் உள்ளே வருவார்கள். இலங்கைப் பெண் லாஸ்லியாவின் அப்பா வந்தார். பல வருஷமாகப் பார்க்காத அப்பா. மாமாவின் கையில் இருந்த முறுக்கு வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. பிக் பாஸ் சொல்லாமலே எங்கள் சோபாவில் ஒருவர் ஃப்ரீஸ். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனார். தண்ணீர் சொம்பு டீப்பாய் மேலேயே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பிளைட் டிக்கெட்டு சேனல்காரன் போட்டிருப்பான்” என்றார்.

போட்டிருப்பான்தான். மண்டப வாடகை யார் கொடுத்தது என்று கேட்டுவிட்டா தாலி கட்டுவதைப் பார்த்துக் கண் துடைக்கிறோம்?

குக் வித் கோமாளி என்ற சமையல் நிகழ்ச்சியில் மாமாவுக்குப் பெரிய வேலை இல்லை. கோமாளி முட்டையைத் தலையில் உடைத்துக்கொள்வது எழுதி வைத்ததா, தானாக நடந்ததா என்று அங்கே யாருக்கும் கவலை கிடையாது. சமையலே அங்கே சாக்குதான். கோமாளிகளில் ஒருவரான புகழ் வழுக்கி விழுந்த ஒருநாள் மாமா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் முதலில் வந்த சொல் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலியால் கோயிலுக்குப் போவது நின்று நாலு வருஷம் ஆகிறது. சனி, ஞாயிறு குழந்தைகள் பாடுவதுதான் அவளுக்குக் கச்சேரி, கோயில் எல்லாம். பிடித்த பிள்ளை பாடி முடித்து, மேலிருந்து தங்கக் காகிதம் கொட்டும்போது, தனியாக உட்கார்ந்துகொண்டு கை தட்டுவாள். மாமா ஒருநாள், “சம்பந்தியம்மா, இதெல்லாம் போய் நம்புறீங்களே, யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி முடிச்சாச்சு” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பிள்ளை பாடியது, காகிதம் கொட்டியது, அம்மா கை தட்டவில்லை. “நல்லாத்தான் பாடுது, ஆனா என்னவோ” என்றாள். அந்த ‘என்னவோ’வுக்கு நான் மாமாவை இன்னும் மன்னிக்கவில்லை. தான் ஏமாறாத புத்திசாலி என்று காட்டிக்கொள்ள அவருக்கு எங்கள் வீட்டுச் சோபாவும் முறுக்கும் போதாதா?

பிக் பாஸைக் கமல்ஹாசன் ஏழு சீசன் நடத்திவிட்டுப் போனார். 2024இல் விஜய் சேதுபதி வந்தார். நடந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டுகிற ‘குறும்படம்’ என்ற சொல் அந்த வீட்டிலிருந்து கிளம்பி எங்கள் வீட்டுச் சண்டைக்குள் வந்து குடியேறி, இப்போது என் மகள் “குறும்படம் போடட்டுமா?” என்று என்னையே மிரட்டுகிறாள். மாமாவின் வசனத்தில் மட்டும் ஒரு எழுத்து மாறவில்லை.

போன சீசனில் அவருக்கு வைரல் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். சோபாவின் நடு இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே போய் உட்காரவில்லை. ஒருநாள் ரசம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். போர்வைக்குள்ளிருந்து கேட்ட முதல் கேள்வி:

“இந்த வாரம் யாரு வெளிய போனது?”

எனக்கு என்ன தோன்றியதோ, உண்மையில் போனவர் பெயரைச் சொல்லாமல், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த வேறொருவர் பெயரைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ஸ்கிரிப்டு அதுதான்.

மாமா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். “தெரியும் மாப்ளே. போன மாசமே முடிவு பண்ணிட்டானுங்க. உள்ள இருக்கிற நம்ம ஆளு சொன்னான்.”

நான் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, ஒன்பது இருபதுக்கு வந்து உட்கார்ந்தார். தட்டு வந்தது. நிகழ்ச்சி தொடங்கியது. வெளியே போனதாக நான் சொன்ன மனிதர், சமையற்கட்டில் நின்றுகொண்டு சாவகாசமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரையை உற்றுப் பார்த்தார். பிறகு முறுக்கை ஒடித்தார்.

“பாத்தியா மாப்ளே? வைல்டு கார்டுல திரும்பக் கூட்டிட்டு வந்துட்டானுங்க.”