ஒரே ஈரல், மூன்று துறை

தமிழ்நாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க பட்ஜெட் உரையைப் புரட்ட வேண்டாம். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு போதும். ஆமாம், மதுவிலக்குதான். அந்தப் பெயருக்குக் கீழேதான் சாராய வருமானத்தை அச்சடிக்கிறார்கள். 2022-23இல் 44,121 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி. டெல்டாவில் நெல் ஒரு போகம் இப்படிப் பொய்க்காமல் விளைந்தால் விவசாயி ஏன் தூக்குக் கயிற்றைத் தேடுகிறான்?

இடையில் ஓர் அதிசயமும் உண்டு. 2023 ஜூனில் 500 டாஸ்மாக் மதுக்கடைகளை மூடினார்கள். அந்த ஆண்டு வருமானம் 1,734 கோடி கூடியது! இந்த 500 நம் ஆட்சியாளர்களுக்குப் பரிகார எண் போலிருக்கிறது. 2016இல் ஜெயலலிதா 500 கடை, 2017இல் பழனிசாமி 500 கடை, 2023இல் ஸ்டாலின் அரசு 500 கடை. கரைவேட்டியின் நிறம் மாறுகிறது, எண்ணிக்கை மாறவில்லை. மூடிய கடையின் வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு நடக்கிறார். உடற்பயிற்சி என்று அதையும் சுகாதாரத் துறை கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இன்னொரு கணக்கும் நடந்தது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவை நிறுத்தினார். கள்ளுக்கடை வருமானம் போனது. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்கே அது முன்னோடி. குடிக்காமல் இருப்பதற்காக மக்கள் உப்பு புளிக் கடைகளில் சேர்ந்து சுமந்த வரி அது. இன்று? 2023-24இன் 45,855 கோடியில் 35,081 கோடி அதே விற்பனை வரியின் வாரிசான மதிப்புக் கூட்டு வரிதான். சாராயத்தை ஒழிக்கப் பிறந்த வரி சாராயத்திலேயே பால் குடித்து வளர்கிறது. ஜிஎஸ்டி வந்த 2017க்குப் பிறகு மாநிலம் தன் விருப்பப்படி வரி போட பெட்ரோல், டீசல், மது என்று சிலதான் மிச்சம் என்பார்கள். உண்மைதான். டெல்லி பறித்தது வரி உரிமையை. அதற்கு ஈடாகக் கூலிக்காரனின் ஈரலை எடுத்துக்கொள்ளச் சொன்னது யார்?

அரசு ஈரலைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்று அறுவை சிகிச்சைக்கும் இடமுண்டு. விற்கும்போது நிதித்துறைக்கு வருமானம், வீங்கும்போது தனியார் மருத்துவமனைக்குத் தொழில், வெட்டி மாற்றினால் சுகாதாரத் துறைக்குச் சாதனை. 2024-25இல் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது 20,198 கோடி. அதே ஆண்டு குடிகாரர் கொடுத்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நோயாளி தன் வைத்தியச் செலவை முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் கவுன்ட்டரை விட்டு நகர்கிறார்.

வீட்டிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு சாதாரணச் சரக்கு குவார்ட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. மனைவிக்கு அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை 1,000. 3,200 ரூபாய் நஷ்டத்தில் நடக்கும் இந்தக் குடும்பத்துக்குத்தான் மேடையில் சமூகநீதி என்று பெயர். கணவனிடம் அடியோ வேறு கொடுமையோ பட்டதாக, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) சொன்னார்கள். அதில் குடிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுப் பாருங்கள். அது வேறு துறை அட்டவணை என்று கோப்பைத் தள்ளிவிடுவார்கள்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் ஓடும் என்பது அடுத்த வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. குவார்ட்டர் வாங்க முடியாதவன் கள்ளச்சாராயப் பாக்கெட் வாங்கினான். பிணத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவன் பையில் 140 ரூபாய் இல்லை.

என் கோரிக்கை சின்னது. அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் வருமான அட்டவணைக்குப் பக்கத்திலேயே, அந்த ஆண்டு குடியால் ஈரல் கெட்டு அரசு மருத்துவமனைகளில் படுத்தவர் எத்தனை பேர், எழுந்து வீடு போனவர் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக அச்சடியுங்கள். இடம் மிச்சமிருந்தால், பாட்டில் விலைக்கு மேல் கடையில் கேட்டு வாங்கும் பத்து ரூபாய் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது என்பதையும்.