ஆயில் டப்பாச் சாசனம்: ஒரு விசாரணை

மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றி, அது எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்பதற்கு மேல் விசாரணை ஏதும் வேண்டியதில்லை என்று கருதும் லௌகிகர்களுக்காக இவ்வியாசம் எழுதப்படவில்லை. டப்பாவின் மேலுள்ள எழுத்துகளையும் எண்களையும் கல்வெட்டாகப் பாவித்து, புதுப்பேட்டைக் கடை வாசலில், பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பதையும் பொருட்படுத்தாமல், எழுத்தெண்ணிப் படிக்கும் ரசிகர்களுக்கே இது சமர்ப்பணம்.

சாசனத்தின் முதல் வரி 20டபிள்யூ-40 என்றோ 10டபிள்யூ-30 என்றோ இருக்கும். எண்ணெயின் பிசுபிசுப்பை எண்களால் வகுக்கும் முறையை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தார் 1911-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தனர். டபிள்யூ என்பது குளிர்காலத்தின் முத்திரை. 20டபிள்யூ என்றால் பூஜ்யத்துக்குக் கீழ் 15 பாகைக் குளிரிலும், 10டபிள்யூ என்றால் 25 பாகைக் குளிரிலும், என்ஜின் சுழல்வதைத் தடுக்காத அளவுக்கு எண்ணெய் இளகியிருக்கும் என்று பொருள். மார்கழி விடியலிலும் மின்விசிறியை நிறுத்த மனம் வராத சென்னையில், இவ்விரு குளிர்களுள் எது உசிதம் என்பது குறித்து இருபதாளர், பத்தாளர் என்னும் இரு சம்பிரதாயத்தார் டீக்கடை பெஞ்சுகளில் நடத்தியுள்ள வாதப் பிரதிவாதங்களைத் தொகுத்தால் மகாபாரதம் சிறு பிரசுரமாகிவிடும். பத்தாளர் பக்கம் அற்ப நியாயம் ஒன்று உண்டு; காலையில் வண்டியைக் கிளப்பும் கணத்தில் அவர்களுடைய எண்ணெய் சற்று விரைவாக மேலே ஏறும். ஆனால் அற்ப நியாயத்தோடு திருப்தியடைவது ஆராய்ச்சியாகாது. ஆதலால் அவர்கள் ஒரு பட்டறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பிரமாணமாகக் காட்டுவர் (தை மாதத் தாள், பின்புறம், கிரீஸ் கறைக்குச் சற்று மேலே). இருபதாளரோ அதே தாளில் கறைக்குச் சற்றுக் கீழே காட்டி மறுப்பர்.

பின் எண்ணைப் பற்றிய சர்ச்சை இன்னும் சூட்சுமமானது. 100 பாகைச் சூட்டில் பிசுபிசுப்பு 9.3 சென்டிஸ்டோக்ஸ் முதல் 12.5-ஐத் தொடாத வரையில் உள்ளது 30, 12.5 முதல் 16.3-ஐத் தொடாத வரையில் உள்ளது 40. ஆகவே 12.4 உள்ள எண்ணெயும் 12.6 உள்ள எண்ணெயும் வெவ்வேறு ஜாதியாகின்றன, 12.6 உள்ளதும் 16.2 உள்ளதும் ஒரே ஜாதியாகின்றன. இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. ஒரு நூற்றாண்டின் கடைசி வருஷத்தில் பாடிய புலவரையும், மறு வருஷம் பாடிய அவர் தம்பியையும் இரு வேறு யுகங்களில் குடியேற்றி, அண்ணனிடம் இல்லாத நலிவைத் தம்பியிடம் கண்டுபிடித்துக் கொடுக்கும் நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் இப்பகுப்பை முழுமனத்தோடு அங்கீகரிப்பார்கள்.

சூட்டில் எண்ணெய் எவ்வளவு குணம் மாறாதிருக்கிறது என்பதை அளக்க, 1929-இல் டீன், டேவிஸ் என்னும் இருவர் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100-உம், வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0-உம் வழங்கினர். பிற்கால எண்ணெய்கள் 150-உம் அதற்கு மேலும் வாங்குகின்றன. முதல் மாணவனுக்கே முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்ட பரீட்சகர்களுக்கு நேரும் சங்கடம் இது.

ஜாசோ எம்.ஏ. என்னும் ஜப்பானிய முத்திரை, எண்ணெயில் நனைந்தபடியே சுழலும் பைக் கிளட்ச் வழுக்காதிருக்க ஏற்ற எண்ணெய் இது என்று தெரிவிக்கிறது. உண்மையிலேயே உபயோகமான செய்தியாதலால் இது ஆராய்ச்சிக்குரியதன்று.

சிந்தெடிக் என்னும் பட்டத்தின் இலக்கணமும் நம்மைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை. ரசாயனக் கூடத்தில் மூலக்கூறுகளை இணைத்துச் செய்ததற்கே அப்பெயர் உரியது என்று ஒரு கட்சியார் வாதிட்டிருக்க, கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து ஹைட்ரஜனால் கடுமையாகப் பக்குவப்படுத்தியதையும் அப்படி அழைக்கலாமென்று 1999-இல் அமெரிக்காவில் முடிவாயிற்று. முடிவு கூறியது ரசாயன சபையன்று. விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் மன்றம். வஸ்துவின் தத்துவத்தை விளம்பர மன்றத்தில் கேட்டறியலாம் என்பது நம் வேதாந்திகளுக்கு முன்பே தெரிந்திருந்தால் துவைத அத்வைத வழக்கு இத்தனை காலம் நீண்டிராது.

இனி இவ்வியாசத்தின் ஜீவநாடிக்கு வருவோம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் பெட்ரோல் என்ஜின் எண்ணெய்களுக்கு எஸ்.ஏ.-யில் தொடங்கி, தரம் உயரும்தோறும் அடுத்த எழுத்தை அளித்து, 1996-இல் எஸ்.ஜே., 2001-இல் எஸ்.எல்., 2004-இல் எஸ்.எம்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி. என ஏறி வந்திருக்கிறார்கள். கூர்ந்து நோக்குவோர் இங்கே திடுக்கிடுவர். எச்சுக்குப் பின் ஐ இல்லை. ஜேக்குப் பின் கே இல்லை. என்னுக்குப் பின் ஓ இல்லை.

எங்கே போயின? தமிழாராய்ச்சியில் தழும்பேறிய முதற்கட்சியார், மூன்றும் கடல்கோளில் அழிந்தன என்பர். அவை கிடைக்கவில்லை என்பதே இதற்குச் சான்று. கிடைத்திருந்தால் அழிந்தனவென்று சொல்ல முடியாதாகையால், கிடைக்காமை ஒன்றே கூற்றை ஐயமற நிறுவுகிறது. அவ்வெண்ணெய்களை ஒருமுறை ஊற்றினால் மூன்று தலைமுறைக்கு மாற்ற வேண்டியதில்லை என்பதும், அவற்றைக் கண்டே பிறநாட்டார் எண்ணெய் செய்யக் கற்றனர் என்பதும் இவர்களுடைய உப சித்தாந்தங்கள். இரண்டாம் கட்சியார் கறையான் கட்சியினர். தகர டப்பாவைக் கறையான் அரிக்குமோ என்னும் ஆட்சேபத்துக்கு, அக்காலத்துக் கறையான் வேறு என்று அவர்கள் சமாதானம் கூறியிருக்கின்றனர். ஐ 1 போலவும் ஓ 0 போலவும் தோன்றிக் குழப்புமென்று விலக்கியிருக்கலாம் என்னும் மூன்றாம் கட்சியார், கே எதைப் போலத் தோன்றும் என்று கேட்கப்பட்டவுடன் கருத்தரங்கின் மதிய போஜனத்துக்குக்கூடத் தங்காமல் ஊர் திரும்பினர்.

நான்காம் கட்சிக்கு ஆதாரம், பெயர் தெரியாத உரைகாரர் ஒருவரின் உரைக்கு மற்றொருவர் எழுதிய குறிப்புரைக்கு எழுந்த விளக்கம் (முற்கூறிய நாட்காட்டி, ஆடி மாதத் தாள், பின்புறம், ஆணித் துளைக்கு இடப்பக்கம், மின்கட்டண ரசீதால் பாதி மறைந்த மூன்றாம் வரி, தலைகீழாகப் பிடித்து வாசிக்க). மூன்று எழுத்துகளையும் கூட்டி வாசித்தால் மறைந்துபோன அரசனொருவனின் பெயர் வரும் என்பது அதன் துணிபு. வராவிட்டால், வரும் வரையில் எழுத்துகளை இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கும் அங்கேயே அனுமதி உண்டு. இவ்வரசனின் ஆட்சிமுறையை ஆராய்ந்து ஒருவர் பட்டமும் பெற்றுவிட்டார். பரீட்சகர் இருவருள் ஒருவர் முன்னுரையைப் படித்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இத்தனை கிரந்தங்களுக்கும் அப்பால், எந்த வண்டிக்கு எந்த எண், எந்த முத்திரை, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதை வண்டி செய்தவர்களே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் சீட்டுக்கடியில் பிளாஸ்டிக் உறை பிரியாமல் சுகமாக இருக்கிறது. “புக்குல என்ன போட்டிருக்கு சார்?” என்று மெக்கானிக் கேட்பதும் உண்டு. மூலநூலைப் பார்க்கச் சொல்லும் இந்தத் துணிச்சல் ஆராய்ச்சி நெறிக்கு முற்றும் விரோதமானதாகையால், இருபதாளரும் பத்தாளரும் சரித்திரத்தில் முதன்முறையாக ஏகமனதாக அதைக் கண்டித்தனர். கண்டித்த கையோடு, டப்பா மூடியின் நிறத்துக்கும் அதனுள்ளிருக்கும் எண்ணெயின் எண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய ஒரு கமிட்டியும் அமைத்து, அதற்குத் தலைமை வகிக்க வேண்டியவர் இருபதாளரா பத்தாளரா என்னும் விவாதத்தில் இறங்கினர்.