கட்டிக்குத் திரி போட்டால் கடன் உண்டா?

பெறுநர்: இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை
நகல்: இந்திய தர நிர்ணய அமைவனம், புதுதில்லி

பொருள்: வெள்ளியை எந்த உருவத்தில் வாங்கி வைத்தால் தாங்கள் அதை வெள்ளி என்று ஒப்புக்கொள்வீர்கள் என அறிய விரும்புவது தொடர்பாக.

மதிப்புக்குரிய வங்கி அவர்களுக்கு,

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. தங்கத்தின் பக்கம் போக அது காணாது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக வெள்ளி இருந்தது. 2025 முடிவதற்குள் அதுவும் கிலோ இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டதால், இப்போது வெள்ளி வாங்குவதற்கும் யோசனை வேண்டியிருக்கிறது. கொலுசா, குத்துவிளக்கா, காசா, கட்டியா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. நடுவர் வேண்டுமே என்று தேடியபோதுதான் 2025 ஜூன் 6 அன்று தாங்கள் வெளியிட்ட தங்க, வெள்ளி அடமானக் கடன் நெறிமுறைகள் கண்ணில் பட்டன. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளிக்கும் முறையாகக் கடன் என்று வழி திறந்ததற்கு எங்கள் தெரு தங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தெருவில் பாதிப்பேர் ஏற்கெனவே அடகுக்கடைக்குக் கடன்பட்டவர்கள் என்பது வேறு விஷயம்.

நெறிமுறைகளைப் படித்தபின் பட்டிமன்றம் முடியவில்லை, கைகலப்பாகிவிட்டது. வெள்ளி நகைக்குக் கடன் உண்டு. அலங்காரப் பொருளுக்கும் பாத்திரத்துக்கும் உண்டு. ஆளுக்கு 10 கிலோ வரை. நாணயத்துக்கு உண்டு, 500 கிராம் வரை. கட்டிக்கு மட்டும் இல்லை. ஒரு கிராமுக்குக்கூட இல்லை.

கட்டி செய்த பாவம் என்ன என்று பார்த்தேன். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோக் கட்டி, குளியல் சோப்பு அளவுதான் இருக்கும். மேலே 999 என்று அடித்திருப்பார்கள். ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. அதில் வேலைப்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லாததால் செய்கூலி சொற்பம். மூன்று சதவீத ஜி.எஸ்.டி. கட்டினால் வேலை முடிந்தது. திரும்ப விற்கும்போது கடைக்காரர் உரசி, முகத்தைச் சுளித்து, “இதுல பாதி பொடி சார்” என்று சொல்ல வழியே இல்லாத வெள்ளி அது. வெள்ளிக்காகவே வெள்ளி வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

கொலுசு அப்படியா? சேலத்துக்கு வாருங்கள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை. ஒரு ஜோடிக் கொலுசு ஒரே ஆளின் கையில் முடிவதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பொடி வைத்துப் பற்றவைப்பவர் ஒருவர், சலங்கை முத்துக் கட்டுபவர், மெருகு போடுபவர் என்று கை மாறி மாறித்தான் அது கடைக்கு வரும். ஒவ்வொரு பற்றும் வெள்ளியைவிட மட்டமான உலோகக் கலவை. கொலுசின் தரத்தை வியாபாரிகள் ‘டச்’ கணக்கில் பேசுவார்கள்; எழுபது டச் என்றால் நூற்றில் எழுபதுதான் வெள்ளி. வாங்குகிறவர் காதில் இந்தப் பேச்சு பெரும்பாலும் விழுவதில்லை. அவர் காதில் விழுவது சலங்கைச் சத்தம் மட்டுமே. அதற்குச் செய்கூலி, சேதாரம் இரண்டும் உண்டு.

நகலில் இருப்பவருக்கு இங்கே ஒரு வார்த்தை. வெள்ளிக்கு 800, 835, 925, 958, 970, 990, 999 என்று ஏழு தரங்கள் வைத்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு கொண்டுவந்தீர்கள். கைப்பேசிச் செயலியில் தட்டினால் நகையின் ஜாதகமே தெரியும் என்கிறீர்கள். எல்லாம் சரி, ஆனால் விருப்பமிருந்தால் போதும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். தங்கத்துக்குக் கட்டாயம், வெள்ளிக்கு விருப்பம். எழுபது டச் கொலுசு விற்பவர் எந்த விருப்பத்தில் முத்திரை குத்திக்கொள்ள வருவார் என்று நினைத்தீர்கள்?

மறுபடியும் பெறுநருக்கே வருகிறேன். கட்டியை ஒதுக்கியதற்குத் தாங்கள் காரணம் சொல்லியிருக்கிறீர்கள்: வங்கிப் பணத்தை வாங்கி உலோகத்தில் ஊக வணிகம் செய்துவிடுவார்களாம். பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி ஈ.டி.எஃப். பத்திரத்துக்கும் இதே காரணத்தால் கடன் கிடையாது. தங்கள் அச்சம் நியாயமானது. 2025 தீபாவளிச் சமயத்தில் வெள்ளிக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு வந்து, வெள்ளி ஈ.டி.எஃப்.-களில் முதலிடும் சில நிதித் திட்டங்களே மொத்தமாகப் போடும் புதுப் பணம் வேண்டாம் என்று கதவைச் சாத்தின. அந்த வெறியைப் பார்த்த யாரும் தங்களைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் 10 கிலோக் கொலுசை அடகு வைப்பவர் ஊக வணிகர் இல்லை, அரைக் கிலோக் கட்டியை வைப்பவர் ஊக வணிகர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பத்துக் கிலோக் கொலுசைப் போட்டுக்கொண்டு நடக்கிற கால் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை.

தங்கள் நெறிமுறைகளில் என்னை மிகவும் கவர்ந்தது அலங்காரப் பொருள் என்பதற்கான விளக்கம். உடம்பில் அணிந்தால் நகை. வேறொன்றை அலங்கரிக்க வைத்தாலோ, பாத்திரமாகப் புழங்கினாலோ அலங்காரப் பொருள். இரண்டுக்கும் கடன் உண்டு. இதைச் சேலத்து ஆசாரி ஒருவரிடம் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“கட்டியைக் கொண்டாங்க சார், நடுவுல ஒரு குழி எடுத்து விடறேன். எண்ணெய் ஊத்தித் திரி போடுங்க. விளக்கு ஆயிடும்ல?”

“பேங்க்ல ஒத்துக்கலைன்னா?”

“ஓரத்துல ஒரு வளையம் வெச்சுப் பத்திடறேன். அரைஞாண் கொடில கோத்து இடுப்புல கட்டிக்குங்க. அப்போ நகை.”

ஆகவே தங்களிடம் விளக்கம் கேட்கிறேன். குழியின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் கட்டி விளக்காகும்? திரி பஞ்சா, நூலா? அரைஞாண் கொடியில் ஒரு கிலோக் கட்டியைக் கட்டிக்கொண்டு கிளைக்கு வருபவரை மேலாளர் உட்காரச் சொல்ல வேண்டுமா, நிற்க வைத்தே எடை போட வேண்டுமா?

நாணயத்துக்கு வருவோம். தங்கள் மும்பைத் தலைமையகத்துக்கு எதிரிலேயே நாணயச்சாலை இருப்பதால் இது தங்களுக்கு எளிதில் விளங்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் விக்டோரியா ராணி, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் சொம்பில் கிடக்கும். ஒன்று 11.66 கிராம்; நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளிப் பங்கை நூற்றுக்கு ஐம்பதாகக் குறைத்தார்கள், 1947-இல் நிக்கலுக்கு மாற்றினார்கள். அந்தப் பழைய ரூபாயைத் தங்கள் வரம்போடு வகுத்துப் பார்த்தேன். 42 காசு வைத்தால் 490 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கடன் உண்டு. 43-ஆவது காசை வைத்தால் 501 கிராம் தாண்டிவிடுகிறது. பாட்டி சொம்பில் ஐம்பது காசு போட்டு வைத்திருந்தால் எட்டுக் காசு அளவுக்கு அவர் ஊக வணிகராகிவிட்டார். அதே ஐம்பதையும் வளையம் பற்றவைத்துக் காசுமாலையாகக் கோத்திருந்தால் நகைக் கணக்கில் போயிருக்கும், 500 கிராம் வரம்பு தடுத்திருக்காது. பாட்டிக்கு நெறிமுறை தெரியாமல் போய்விட்டது.

நியாயமாகத் தாங்கள் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது, கடன் தீர்ந்தபின் ஏழு வேலை நாளுக்குள் பொருளைத் திருப்பாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்றது, இரண்டும் அடகு வைத்தவருக்கு ஆறுதல். மதிப்பிடும்போது உலோகத்துக்கு மட்டுமே விலை என்றதும் சரிதான். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கொலுசின் செய்கூலியையும், சாமி சிலைக்குள் அடைத்த அரக்கையும் கழித்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து விலை வைக்கிறீர்கள். முழுக்க வெள்ளியாகவே வந்து நிற்பதை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது இதுதான்: விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கட்டி, அதுவும் ரசீதோடு. அவசரத்துக்கு அடகு வைக்க என்றால், கிளையில் எந்தக் காசை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு நாணயம். பெண்ணுக்குப் போட்டு அழகு பார்க்க என்றால் முத்திரை குத்திய கொலுசு. அதை முதலீடு என்று மட்டும் கணக்கெழுதாதீர்கள்.

தாங்கள் மனம் வைத்தால் இத்தனை யோசனை தேவைப்படாது. நாணயத்துக்கு விதித்த அதே 500 கிராம் வரையிலாவது 999 கட்டியையும் அடமானத்துக்கு ஏற்கச் சொல்லுங்கள். அதன் தூய்மைதான் கவலை என்றால், நகலில் இருப்பவரிடம் ஒரு முத்திரை கேட்டு வாங்குங்கள். வெள்ளி நகைக்கும் அதை விருப்பம் என்று விடாமல் கட்டாயமாக்கச் சொல்லுங்கள். ஆசாரி உளியோடு காத்திருக்கிறார், பதிலைச் சீக்கிரம் அனுப்பவும்.

இப்படிக்கு,
வெள்ளி வாங்க வரிசையில் நிற்கும் ஒருவன்