எல்லைக் கதியாலும் இரண்டு மீட்டரும்

இந்த முறை தபாலைப் பிரித்தால் வேலியைத் தவிர வேறு பேச்சே இல்லை. குளிர்காலக் காற்று பலகைகளைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. சாய்ந்த பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று நம்மவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நல்லது, எழுதுங்கள். பதில்கள் எல்லாம் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்தே. ஸ்கொட்லாந்தில் உயரமான உயிர்வேலிக்கு 2013இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள்.

கேள்வி: ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்தால் இடது பக்க வேலி நம்முடையது, வலது பக்கம் அயலவருடையது என்று எல்லாரும் சொல்கிறார்கள். விழுந்து கிடப்பது வலது பக்கம். நான் பேசாமல் இருக்கலாம்தானே?
— ஹாரோ வாசகர்

எல்லாரும் சொல்கிறார்கள், சட்டம் மட்டும் சொல்லவில்லை. இடம், வலம் என்று ஒரு விதியும் இங்கே கிடையாது. வீடு வாங்கியபோது சொலிசிட்டர் தந்த கட்டை எடுத்து, உறுதியோடு இருக்கும் பழைய படத்தைப் பாருங்கள். எல்லைக் கோட்டில் ஆங்கில 'டி' எழுத்துப் போல ஒரு சின்னக் குறி இருக்கலாம். அது எந்தக் காணிக்குள் நிற்கிறதோ, வேலி பெரும்பாலும் அந்தக் காணிக்காரருடையது. இரண்டு 'டி' முதுகோடு முதுகு ஒட்டி 'எச்' மாதிரித் தெரிந்தால் இருவருக்கும் பொது. குறியே இல்லாத படங்களும் ஏராளம்; அப்போது உறுதியில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும்.

வேலி அயலவருடையது என்று தெரிந்தாலும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். உறுதியில் கட்டாயம் என்று எழுதியிருந்தாலொழிய, விழுந்த வேலியைத் திரும்ப அடைத்தே ஆகவேண்டும் என்று அவரை யாரும் வற்புறுத்த முடியாது. அவர் அடைக்க மாட்டேன் என்றால், உங்கள் காணிக்குள் நீங்கள் ஒன்று அடைக்கலாம். பாதிக் காசு போடுகிறேன் என்று நீங்களே முதலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஆளுக்குப் பாதி என்று வந்தால் வேலி ஒரு வாரத்தில் நிமிர்ந்து நிற்கும்.

கேள்வி: பலகையின் அழகான பக்கம் அயலவரைப் பார்க்க வேண்டும் என்பது சட்டமா?
— குரோய்டன்

இல்லை, மரியாதை. சட்டம் இதில் வாய் திறக்கவில்லை. ஆனால் அவருடைய வேலியின் உங்கள் பக்கத்துக்கு நிறம் அடிக்கவோ, பூச்சட்டி தொங்கவிட ஆணி அடிக்கவோ அவரைக் கேட்க வேண்டும். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு.

கேள்வி: பின்வளவில் எவ்வளவு உயரத்துக்கு வேலி அடைக்கலாம்? பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மறைவாக இருக்க வேண்டும். முன்பக்கத்தையும் சேர்த்து உயர்த்திவிடலாம் என்று மகன் சொல்கிறான்.
— ஸ்லவ் அம்மம்மா

பின்வளவில் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி வரைக்கும் யாரையும் கேட்கத் தேவையில்லை, அம்மா. முன்பக்கத்தில் மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வாகனம் ஓடும் ரோட்டை ஒட்டிய வேலிக்கோ மதிலுக்கோ ஒரு மீட்டர்தான் அளவு. அதற்கு மேல் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். மூலை வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுடைய பின்வளவே பக்கத்து ரோட்டை ஒட்டி நிற்கும், ஒரு மீட்டர்க் கட்டுப்பாடு அங்கேயும் வரும்.

ஆறடிப் பலகைக்கு மேல் ஓரடித் தட்டி வைத்துவிட்டு, தட்டியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டியும் வேலிதான், சேர்த்தே அளப்பார்கள். கட்டிவிட்டு நாலு வருடம் பதுங்கியிருந்தால் தப்பிவிடலாம் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு கட்டி முடித்தவற்றுக்குக் கவுன்சில் நடவடிக்கை எடுக்கப் பத்து வருடம் இருக்கிறது. வீடு பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமாக இருந்தாலும், உறுதியிலேயே முன்வளவு திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சலுகைகள் அப்படியே பொருந்தாது. புதுக் குடியிருப்புகளில் இந்த நிபந்தனை நிறைய உண்டு.

கேள்வி: அயலவரின் ஹெட்ஜ் இருபது அடி தாண்டிவிட்டது. லேலண்டியாம். மத்தியானத்தோடு எங்கள் வளவில் வெயில் போய்விடுகிறது, தக்காளி காய்க்கவில்லை, உடுப்புக் காயவில்லை. கவுன்சில் வெட்டுமா?
— வெம்பிளி வாசகி

உங்கள் எதிரியை முதலில் அறிமுகப்படுத்துகிறேன். லேலண்டி 1888இல் வேல்ஸ் நாட்டு லைட்டன் மாளிகைத் தோட்டத்தில் முளைத்த கலப்பு. தாயும் தந்தையும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த இரண்டு வேறு சைப்ரஸ் மரங்கள். காட்டில் அவை ஒன்றையொன்று சந்தித்திருக்கவே மாட்டா. இங்கே ஒரே தோட்டத்தில் நட்டார்கள், பிள்ளை பிறந்தது. அது வருடத்துக்கு மூன்றடி வளரும், விட்டால் நூறடி தாண்டும். மலிவாகக் கிடைக்கிறது, சீக்கிரம் மறைக்கிறது என்று வாங்கி நடுகிறார்கள். ஐந்தாம் வருடம் ஏணி எட்டாமல் போய்விடுகிறது.

உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பகுதி, இங்கிலாந்தில் 2005 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. வருடம் முழுவதும் பச்சையாக, அல்லது பெரும்பாலும் பச்சையாக நிற்கும் மரமோ செடியோ குறைந்தது இரண்டு, ஒரே வரிசையில் இருக்க வேண்டும். உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த உயரத்தால் உங்கள் வீட்டையோ வளவையோ நீங்கள் நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி மூன்றும் இருக்கின்றன.

ஆனால் கவுன்சில் உடனே கத்தியோடு வராது. நீங்கள் அயலவரோடு பேசிப் பார்த்தீர்களா, கடிதம் கொடுத்தீர்களா என்று முதலில் கேட்கும். இல்லையென்றால் முறைப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்தது கட்டணம். முறையிடுகிறவரே கட்ட வேண்டும், கவுன்சிலுக்குக் கவுன்சில் தொகை மாறும், பல இடங்களில் சில நூறு பவுண். நிழலில் இருப்பவரிடம்தான் காசும் கேட்கிறார்கள்! இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவர் இந்தத் தொகையைப் பார்த்தே பேசாமல் இருந்துவிடுவார். சில கவுன்சில்கள் வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைக்கின்றன, கட்டாயம் கேளுங்கள்.

கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால், இந்த உயரத்துக்கு வெட்டு, இதற்கு மேல் வளரவிடாதே என்று அயலவருக்கு உத்தரவு போகும். இரண்டு மீட்டருக்குக் கீழே வெட்டச் சொல்லவோ, வேரோடு எடு என்று சொல்லவோ அதற்கு அதிகாரம் இல்லை. பிடிக்காதவர் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவை மீறினால் ஆயிரம் பவுண் வரை அபராதம். வீட்டை விற்றாலும் உத்தரவு காணியோடு போகும், வாங்குகிறவர் தலையில் விழும்.

பேசப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். லேலண்டியின் கிளையை விலக்கி உள்ளே பாருங்கள். வெளியே ஒரு சாண் பச்சை, அதற்குள்ளே எல்லாம் காய்ந்த மண்ணிறச் சுள்ளி. அந்தச் சுள்ளியில் திரும்பத் தளிர் வராது. இருபது அடியை ஒரே நாளில் ஆறடியாக்கினால் மரம் செத்துப்போகவே இடமுண்டு, அயலவர் அதற்குத்தான் பயப்படுவார். இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மிச்சம் என்று கேளுங்கள். ஆள் பிடிக்கிற செலவில் நானும் கொஞ்சம் தருகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கவுன்சில் கட்டணத்தை விட அது மலிவாகவே முடியும்.

கேள்வி: எங்களுக்கும் அதே பிரச்சினை. ஆனால் ஒரேயொரு மரம்தான். இன்னொரு பக்கம் மூங்கில்.
— இல்ஃபர்ட்

ஒரு மரம் வேலியாகாது. மூங்கில் புல் இனம், இந்தச் சட்டத்துக்குள் வராது. இலை உதிர்க்கும் பீச் மரமும் வராது. உங்களுக்கு வாய்ப்பேச்சு ஒன்றே வழி.

கேள்வி: அயலவரின் பேரிக்காய் மரக்கிளை எங்கள் வளவுக்குள் நீட்டி நிற்கிறது. கிளையை வெட்டலாமா? பழத்தைச் சாப்பிடலாமா?
— டூட்டிங்

கிளையை வெட்டலாம், பழத்தைச் சாப்பிடக் கூடாது! எல்லையைத் தாண்டி வந்ததை எல்லை வரைக்கும் வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு என்று 1894இலேயே பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. முன்கூட்டி அறிவிக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் அவருடைய காணிக்குள் கால் வைக்கக் கூடாது. வெட்டிய கிளையும் அதில் தொங்கும் பழமும் மரக்காரருடைய சொத்து. வேண்டுமா என்று கேளுங்கள், கேட்காமல் வேலிக்கு மேலால் எறியாதீர்கள். கவுன்சில் அந்த மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தால் ஒரு சிறு கிளைக்கும் அனுமதி வேண்டும், ஆகவே முதலில் அதை விசாரியுங்கள். பழம் கொட்டுகிற ஆவணியில் கிண்ணத்தோடு போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லும் ஆங்கிலேயரை நான் கண்டதில்லை.

கேள்வி: சித்திரையில் ஹெட்ஜ் வெட்டினால் ஜெயிலா?
— லெஸ்டர்

வெட்டுவது குற்றமில்லை. குருவி கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ, குடியிருக்கும் கூட்டையோ தெரிந்தே கலைப்பது குற்றம். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். அவசரமில்லை என்றால் செப்டம்பர் வரை பொறுத்திருங்கள், குஞ்சுகள் பறந்துவிடும். செடி நடைபாதையை மறைக்கிறது என்று கவுன்சில் கடிதம் போட்டிருந்தால் அதைத் தள்ளிப்போட முடியாது. கூடு இருக்கிறதா என்று கையால் விலக்கிப் பார்த்துவிட்டு, ஆள் நடக்கிற அளவுக்கு வெட்டுங்கள். தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகிறவர் உங்கள் செடிக்காக ரோட்டில் இறங்கக் கூடாது.

கேள்வி: விழுந்த வேலியை அயலவர் தன் செலவிலேயே புதிதாக அடைத்துத் தந்தார். நன்றி சொல்லிவிட்டு வந்து அளந்தால், அரை அடி எங்கள் பக்கம் அரக்கிப் போட்டிருக்கிறார்! கோர்ட்டுக்குப் போகத் தீர்மானித்துவிட்டோம். நல்ல லோயர் ஒருவரைச் சொல்லுங்கள்.
— ஈஸ்ட் ஹாம் தம்பதி

லோயரைச் சொல்ல மாட்டேன். ஓர் அடிமட்டம் எடுங்கள். காணிப் பதிவகத்தின் படத்தை மேசையில் விரியுங்கள். நகரப் பகுதிப் படங்கள் பெரும்பாலும் 1:1250 அளவில் இருக்கும். படத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் ஒன்றேகால் மீட்டர். உங்கள் காணியைச் சுற்றி ஓடும் சிவப்புக் கோடு அரை மில்லிமீட்டர் தடிப்பு என்றால், அந்த மைக்குள்ளேயே இரண்டடி நிலம் கிடக்கிறது. நீங்கள் தேடும் அரை அடி அதற்குள் மூழ்கிப்போகும். இந்தக் கோடு பொதுவான எல்லையைக் காட்டுவது, துல்லியமானது அல்ல என்று 2002ஆம் ஆண்டுக் காணிப் பதிவுச் சட்டமே சொல்கிறது.

அப்படியென்றால் கோர்ட்டில் எதைக் காட்டுவீர்கள்? பழைய உறுதிகள், பழைய படங்கள், நில அளவையாளரின் அறிக்கை. எதிர்ப்பக்கமும் ஓர் அளவையாளரைக் கொண்டுவரும். எல்லை வழக்குகளில் பத்தாயிரக்கணக்கான பவுண் போவது சாதாரணம், தோற்றால் அவருடைய செலவும் உங்களுடையது. அரை அடிக் காணிக்கு வழக்காடி, முடிவில் காணியையே விற்று அப்புக்காத்துக்குக் காசு கொடுத்த கதை யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. அதை விமானம் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டாம். நாளைக்கு வீட்டை விற்கும்போது, அயலவரோடு தகராறு உண்டா என்று விற்பனைப் படிவத்தில் கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும், வாங்க வந்தவர் அதை வாசிப்பார்.

வேலி அடியைக் குனிந்து பாருங்கள். பழைய கம்பத்தின் கொங்கிறீட் கட்டி மண்ணுக்குள் அப்படியே இருக்கிறதா? அதைத் தோண்டி எடுக்க முடியாமல் வேலைக்காரர் பக்கத்தில் புதுக் குழி போட்டிருப்பார். இது அடிக்கடி நடக்கிறது, அயலவருக்கே தெரியாமலும் இருக்கலாம். படம் எடுங்கள், அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எல்லை பழைய கட்டியில்தான் என்று ஒரு தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். காணிப் பதிவகம் அதைப் பதிவில் குறித்துவைக்கும். வேலி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

கேள்வி: ஊரில் மதிலுக்கு மேல் போத்தல் ஓடு பதிப்போமே, இங்கே கள்ளனுக்கு அப்படிச் செய்யலாமா?
— பர்மிங்ஹாம்

செய்யாதீர்கள். அனுமதியின்றி வருபவருக்கும் ஓரளவு பாதுகாப்புக் கடமை உண்டு என்கிறது 1984ஆம் ஆண்டுச் சட்டம். கையை வெட்டிக்கொண்ட கள்ளன் உங்கள் மேல் வழக்குப் போடலாம். பந்து எடுக்க ஏறுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முள் நிறைந்த ஹோதோர்ன் நடுங்கள், கள்ளன் கிட்ட வரமாட்டான்.

கேள்வி: பக்கத்து வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார். என் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுபோகிறார், ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ஊர் மாதிரி வேலியில் ஒரு பொட்டு வைக்கலாமா? சட்டம் விடுமா?
— மில்டன் கீன்ஸ்

இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. தாராளமாக வையுங்கள். ஊரில் கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகு கட்டிய வேலியிலும் ஆள் நுழைய ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். நெருப்பு எடுக்கவும், பிள்ளை வருத்தத்துக்கு ஓடிப்போகவும், கறி மாற்றவும் அதுதான் வழி. சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும், சமாதானமானால் முதலில் திறப்பதும் அந்தப் பொட்டுத்தான்.

இங்கே ஒரேயொரு வேலை செய்ய வேண்டும். கேட்டு அனுமதி பெறாமல், ஒளிக்காமல், இருபது வருடம் ஒரு வழியால் போய்வந்தால் அது நிரந்தர உரிமையாகிவிடலாம். அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வரும். ஆகவே, 'இது நட்புக்காகத் தரும் அனுமதி, எவரும் எப்போதும் நிறுத்தலாம்' என்று இரண்டு வரி எழுதி, இரண்டு வீட்டாரும் கையெழுத்து வையுங்கள். வேலி யாருடையது என்று பார்த்து அவரே கதவை வைக்கட்டும். தாழ்ப்பாள் உங்கள் மனைவியும் திறக்கக்கூடியதாக, அந்த அம்மா உள்ளிருந்து பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: புது வீடு, வெறும் வளவு. சண்டை வராத உயிர்வேலி எது?
— லூட்டன்

பிரிவெட் அல்லது ஹோர்ன்பீம். இரண்டும் வெட்டுக்குத் தாங்கும், பழைய கட்டையிலிருந்தும் திரும்பத் துளிர்க்கும். வேரில் மண்ணில்லாத நாற்றாக நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வாங்கினால் விலை குறைவு. எல்லைக் கோட்டிலேயே நடாமல் இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். வளர்ந்த பிறகு அந்தப் பக்கத்தை வெட்ட அயலவர் வளவுக்குள் ஏணி கொண்டுபோகத் தேவையிராது. நடுவதற்கு முதல் நாள், என்ன நடுகிறேன், எந்த உயரத்தில் வைத்திருப்பேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.