மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்!

கேள்வி: ‘ஹெவி ரெயின்’ சரி என்கிறார்கள். ‘ஹெவி விண்ட்’ என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். இதற்கு என்ன விதி?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: விதி இல்லை, வழக்கம்தான். நம் அடுக்களையையே பாருங்கள். இட்லியை அவிக்கிறோம், தோசையைச் சுடுகிறோம், சோற்றை வடிக்கிறோம், ரசத்தை வைக்கிறோம். ‘தோசை அவித்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள், வீடே சிரிக்கும். இத்தனைக்கும் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை!

ஆங்கிலத்தில் இந்தச் சொற்சேர்க்கைக்குப் பெயர் ‘காலொகேஷன்’. மொழியியலில் இதற்கு இடம் வாங்கிக் கொடுத்த ஜே.ஆர்.ஃபர்த், 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானிய மாணவர்கள் உங்களைப் போலவே திண்டாடியதைப் பார்த்த ஹெரால்ட் பாமர், 1933-இல் டோக்கியோவில் இத்தகைய சேர்க்கைகளைத் தொகுத்தே வெளியிட்டார்.

‘ஹெவி’ மழையோடு சேரும், டிராஃபிக்கோடு சேரும், ஓயாமல் புகைப்பவரோடும் சேரும். காற்றுக்கும் டீக்கும் ‘ஸ்ட்ராங்’தான். டீ எத்தனை சுறுசுறுப்பைத் தந்தாலும் ‘பவர்ஃபுல் டீ’ ஆகாது.

வினைச்சொல்லில்தான் நாம் அதிகம் வழுக்குகிறோம். தவறுக்கு ‘மேக்’, வீட்டுப்பாடத்துக்கு ‘டூ’. தமிழில் மாத்திரை சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஈட்’ அல்ல, ‘டேக்’. இதையெல்லாம் விளக்காமல் வெறுமனே சுழிப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆக்ஸ்ஃபோர்டு 2002-இல் இதற்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுங்கள்.