செல்போனுக்கு உறை உண்டு

ஏப்ரல் 13 காலையில் பாங்காக்கின் சீலோம் சாலைக்கு வருகிறவர் கையில் தண்ணீர்த் துப்பாக்கி இருக்கிறதோ இல்லையோ, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். செல்போனுக்கான உறை. நடைபாதை நெடுக அதைத்தான் தோரணம் கட்டி விற்கிறார்கள். நம்மூர்க் குடும்பஸ்தர் ஒருவர் அதை எப்படி வாங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேல்மூடியை இழுத்துப் பார்ப்பார். ஊதிப் பார்ப்பார். வெறும் டிஷ்யூ பேப்பரை உள்ளே போட்டு மூடி, தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து, பேப்பர் நனையவில்லை என்று உறுதியான பிறகே போனை உள்ளே விடுவார். பேரம் தனி.

இவ்வளவு முன்ஜாக்கிரதைக்காரர், அடுத்த நிமிடமே இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் சிரித்தபடி போகிறார். போனுக்காவது வாரண்டி இருக்கிறது.

சோங்க்ரான் தாய்லாந்தின் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை; நம் சித்திரை முதல் நாளும் அதற்குள்ளேயே வந்துவிடும். மூல வடிவில் இது பரம சாதுவான பண்டிகை. புத்தர் சிலைக்கு நீராட்டுவார்கள். வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்கையில் மல்லிகை மணக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றி ஆசி வாங்குவார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உள்ளங்கையில் ஊற்றிய அந்தத் தண்ணீர் எப்படியோ தெருவுக்கு வந்து, வாளிக்குப் போய், கடைசியில் துப்பாக்கிக்குள் ஏறிக்கொண்டது. சீலோமில் வண்டிகளை நிறுத்திவிட்டு சாலையையே போர்க்களமாக்கித் தருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அதே சாலையில் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. வேண்டிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வரலாம்.

தண்ணீர் துப்பாக்கிக்குள் ஏறிக்கொண்ட கதையில் ஒரு ராக்கெட் விஞ்ஞானி வருகிறார். லோனி ஜான்சன் அமெரிக்காவின் நாசாவில் வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்துக்காக வேலை செய்த பொறியாளர். 1982-இல், குளிர்சாதனத்தில் ரசாயன வாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்த முடியுமா என்று வீட்டுக் குளியலறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயில் மாட்டிய முனையிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு அறையைத் தாண்டி அடித்தது. உலகத்தைக் குளிர்விக்கும் வேலையை அங்கேயே கொஞ்ச நேரம் ஒத்திவைத்தார். பிவிசி குழாயும் சோடா பாட்டிலும் வைத்து ஒரு மாதிரி செய்தார். சில ஆண்டுகள் கழித்து லராமி என்ற பொம்மை நிறுவனத்தின் கூட்ட அறையில் பெட்டியைத் திறந்து, அதை எடுத்து, அறையின் குறுக்கே ஒரு அடி அடித்துக் காட்டினார். அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. 1990-இல் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ‘சூப்பர் சோக்கர்’ என்று பெயர் மாறி, விற்பனை 20 கோடி டாலரைத் தொட்டது.

பழைய தண்ணீர்த் துப்பாக்கியில் விரலின் பலம்தான் எல்லாம். அழுத்த அழுத்தச் சொட்டும். பாதி நம் சட்டையிலேயே. ஜான்சனின் துப்பாக்கியில் முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துக் காற்றை உள்ளே அடைக்கிறோம். அடைபட்ட காற்று தண்ணீரை நெருக்கிக்கொண்டு காத்திருக்கும். விசையைத் தொட்டதும் திறந்துவிடும். எட்டு வயதுப் பொடியன் கையில் கொடுத்தாலும் அவன் பலம் சேர்ந்துகொண்டே போகும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. பத்து மீட்டர் தூரம் அடிக்கும் துப்பாக்கி என்றால், முனையை விட்டுக் கிளம்பும்போது தண்ணீரின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டராவது இருந்தாக வேண்டும். அரை மீட்டர் தள்ளி நின்று ஒருவர் முகத்தில் அடித்தால் 0.05 நொடியில் வந்து சேரும். இமை அனிச்சையாக மூடவே சுமார் 0.1 நொடி ஆகும். அதாவது, கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் சொல்வது இங்கே ரொம்பத் தாமதம். தள்ளி நின்று அடித்தால் சிரிப்பு. கிட்டத்தில் அடித்தால் கருவிழியில் சிராய்ப்பு ஏற்படலாம், கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்கலாம். பின்னது நடந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். துண்டை ஊதிக் கண்ணில் ஒத்தடம் கொடுப்பதோடு நிறுத்துகிற சமாசாரம் அல்ல. பாங்காக் அதிகாரிகளும் சும்மா இல்லை. பிவிசி குழாயில் செய்த அழுத்தம் மிகுந்த துப்பாக்கிகள் கூடாது என்று பண்டிகைதோறும் தடை போடுகிறார்கள். பண்டிகைதோறும் போட வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க.

சரி, கண்ணுக்கு என்ன போடுவது? கூலிங் கிளாஸ் என்பார் ஒருவர். போட்டோவுக்கு நல்லது. பக்கவாட்டிலும் மேலேயும் தண்ணீர் தாராளமாக வந்துபோகும். இரண்டாமவர் நீச்சல் கண்ணாடி கொண்டுவருவார். தண்ணீர் புகாது, உண்மை. ஆனால் அது நீந்துவதற்குச் செய்தது, அடி தாங்குவதற்கு அல்ல. பக்கத்தில் யார் வருகிறார் என்பதும் சரியாகத் தெரியாது. கழற்றியதும் இரண்டு கண்ணையும் சுற்றி வளையம் விழுந்து, மாலை முழுக்கத் தூக்கம் கெட்டவர் மாதிரி திரிய வேண்டும். மூன்றாமவர் லேத் பட்டறையில் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு நிற்பார். அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: வரிசையாகப் பொடித் துளைகள், நேராக உள்ளே திறந்தபடி. இரும்புச் சீவலை மறிக்கும், தண்ணீருக்கு அவை வாசற்கதவு.

தேட வேண்டியது கெமிஸ்ட்ரி லேபில் போடும் கண்ணாடி. அதிலும் காற்றுக்கு வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் மேலே சின்ன மூடாக்கு. காற்று வளைந்து உள்ளே வரும், தெறிக்கும் துளி வளையத் தெரியாமல் வெளியே நின்றுவிடும். பாலிகார்பனேட் வில்லை அடி தாங்கும். பல மாடல்களில் சாதாரண மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் ‘இசட் 87+’ என்ற அமெரிக்கத் தர முத்திரையும் பக்கத்தில் ‘டி3’யும் பொறித்திருந்தால் அடிக்கும் தெறிப்புக்கும் சேர்த்துச் சோதித்தது என்று பொருள். அழகாக இருக்காது. பிளஸ் டூ பிராக்டிகலுக்குப் போகிற முகக்களை வந்துவிடும்.

அதன் ஒரே எதிரி வியர்வை. ஏப்ரல் பாங்காக் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கண்ணாடி உள்ளே ஆவி படிந்துவிடும். அப்புறம் யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் சொந்த மைத்துனரையே துரத்திக்கொண்டிருக்க நேரும். (தெரிந்தே துரத்துபவர்கள் ஆவியின் மேல் பழி போடுவதும் உண்டு.) புறப்படுவதற்கு முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பூவை உள்பக்கம் தடவி, காய்ந்ததும் மெல்லத் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்.

கான்டாக்ட் லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். தெருவில் பீய்ச்சுவது எந்தத் தண்ணீர் என்று யார் கண்டது? சியாங்மாய் நகரில் பழைய கோட்டை அகழியிலிருந்தே மொண்டு ஊற்றுகிறார்கள். அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் தங்கிவிட்டால், பண்டிகை முடிந்து பல மாதங்கள் ஆனாலும் அது கிளம்பாது. பண்டிகையில் ஒருவருக்கொருவர் கன்னத்தில் பூசிவிடும் வெள்ளைக் களிமண் குழம்பும் கண்ணில் வழிந்தால் உறுத்தும். கண்ணாடி போட்ட ஆளுக்கு இரண்டுமே பெரிய விஷயமில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. ஜீன்ஸ் நனைந்தால் கனம், காயாது. பூப்போட்ட மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையும் போதும். பின்வார் இல்லாத செருப்பு முதல் ஓட்டத்திலேயே ஊருக்குச் சொந்தமாகிவிடும். முதுகில் மாட்டும் தொட்டித் துப்பாக்கி கம்பீரம்தான். ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ, அரை மணி கழித்து யார் சுமப்பது என்று வீட்டில் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. பிக்கப் வண்டியில் பீப்பாயும் பனிக்கட்டியுமாக வருகிறவர்களைப் பார்த்தால் ஓட வேண்டும். அதற்குக் கவசம் கிடையாது. பிக்குகள், முதியவர், கைக்குழந்தை, இவர்கள் மேல் அடிக்கக் கூடாது. ஓடும் பைக் மேலும் கூடாது: பண்டிகையை ஒட்டிய ஒரு வாரத்தில் தாய்லாந்துச் சாலைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள், பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்கள்.

ஊர் திரும்பும்போது துப்பாக்கியைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற விடமாட்டார்கள், பொம்மை என்று எவ்வளவு சொன்னாலும். பெரும்பாலும் அது ஓட்டல் அறையிலேயே தங்கிவிடும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. வீடு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கும்போது, பண்டிகையின் மூன்று நாளும் கண்ணாடியைக் கையில் தொடவே மாட்டேன் என்றவர் அதை மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார்.